வெறும் காடு

எங்களுக்குச் சொந்த வீடு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கனடாவில், ஸ்காபரோ அடுக்குமாடியை விட்டு, விட்பியில் புதிதாக எழும்பிய வீடொன்றுக்குப் போனோம். பின்வளவில் ஒரு மரம்கூட இல்லை. காணி அவ்வளவு துப்புரவு என்று அப்பாவுக்கு அதிலேயே பெருமை.

அப்பாவின் ஊர் கிழக்கிலங்கை. அங்கே அரசாங்கம் குளம் கட்டி, எங்கள் வயலில் வெளியாட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய கதையைத் தொடங்கினால் பொரிந்து தள்ளுவார். “பரம்பரையா விதைச்ச மண்ணை வெறும் காடு எண்டு சொல்லிப்போட்டாங்கள், மகள்.” அந்தக் கதை எனக்கு மனப்பாடம்.

பால் காய்ச்சும் நாளுக்கு என் ஒரே தோழியையும் அவள் தாயையும் அழைத்திருந்தேன். பள்ளி மாறிய பிறகும் அவள் சனிக்கிழமைகளில் வருவாளா என்பது அந்த அன்ரியின் கையில்தான் இருந்தது. அவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். இது அவர்களுடைய நிலம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் காலைதோறும் நன்றி சொல்வார்களே, அந்த ஆட்கள்.

பால் பொங்கி வழிந்தால்தானே விசேஷம்? அம்மா அடுப்பைக் கூட்டிவைத்தார். வழிந்த பால் கருகி, புகை அலாரம் வீட்டையே தூக்கியது. பெரியம்மா துவாயால் விசிறினார். எனக்கோ முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அலாரம் ஓய்ந்ததும் அப்பா அன்ரிக்குப் பால் கொடுத்தார். “சொல்லு மகள், இவடம் முந்தி வெறும் காடாக் கிடந்தது, ஆக்கள் வந்து குடியேறித்தான் ஊராக்கினவை எண்டு.”

நான் உற்சாகமாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்ரி மெதுவாகப் பதில் சொன்னார். வடக்கே உள்ள ஏரியில் அவருடைய முன்னோர் வள்ளத்தில் போய், தண்ணீரில் தானாய் விளைந்த நெல் எடுத்தார்களாம். குடியேறியவர்கள் ஆற்றை மறித்து அணை கட்ட, தண்ணீர் ஏறி நெல்லெல்லாம் அழிந்துபோனதாம். அதையும் தமிழில் சொன்னேன்.

“நெல்லோ? இந்தக் குளிருக்கையோ?” அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அன்ரி பாலை மிச்சம் வைக்காமல் குடித்தார். நன்றி சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சனிக்கிழமையும் அவள் வரவில்லை.

அலாரம்தான் அவர்களைத் துரத்தியது என்று அம்மாவோடு கனகாலம் கோபமாக இருந்தேன். எதற்கு வெட்கப்படவேண்டும் என்பதுகூட அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. அன்று பின்னேரமே அப்பா மிச்சமிருந்த விருந்தாளிகளுக்கு வயல் கதையைத் தொடங்கினார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்ள நிறுத்தியபோது, அடுத்த சொல்லை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்: “வெறும் காடு.”