மழையில் அள்ளிய பட்டு

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம், ஆரணியில் நடந்தது இது. பதினெட்டு வயது முடிந்து, நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தைவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். இல்லத்து சிஸ்டர் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடும் வேலை வாங்கித் தந்தார். வேலை சுலபமாகக் கிடைத்துவிட்டது, ரூம்தான் கிடைக்கவில்லை. போன வீட்டிலெல்லாம் அப்பா என்ன செய்கிறார், அம்மா எங்கே இருக்கிறார் என்றே கேட்டார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது. பொய் சொல்லவும் எனக்கு வராது.

கடைசியில், பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஒரு தம்பதி தங்கள் வீட்டின் பின்பக்க ரூமைக் கொடுத்தார்கள். அந்த அக்கா அதிகம் கேள்வி கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக என் கையில் ஒரு சாவி. அது எனக்குப் பெரிய கெத்தாக இருந்தது.

ஒருநாள் அவர்கள் தேவிகாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதியம் சாப்பிட வந்தேன். பின்பக்கம் மூங்கில் கழிகளில், சாயம் போட்ட பட்டு நூல் கட்டுக் கட்டாக, சிட்டம் சிட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டிய அக்காவின் தம்பி டீ குடிக்கப் போய்விட்டார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது.

இல்லத்தில் முதல் தூறல் விழுந்ததுமே, பக்கத்தில் இருப்பவள் கொடியில் உள்ள எல்லார் துணியையும் அள்ளி உள்ளே போட்டுவிட வேண்டும். யாரிடமும் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம். அந்தப் பழக்கத்தில் கால் தானாக ஓடியது. நூல் முழுவதையும் அள்ளிவந்து, ரூமுக்குள் கயிறு கட்டி, நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டேன். ஃபேனைச் சுழலவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடையில் எங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

சாயங்காலம் திரும்பினால், என் ரூம் வாசலில் கூட்டம். கல்யாணத்துக்குப் போனவர்களும் வந்துவிட்டிருந்தார்கள். அக்காவின் தம்பி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹோம்ல வளர்ந்த பொண்ணு. யாரு என்னான்னு கேக்காம ரூம் வுட்டுட்டீங்க. இப்ப அத்தன நூலையும் காணோம், போன் அடிச்சாலும் எடுக்கல. பூட்டை ஒடைங்க மாமா."

"அவ இல்லாம அவ ரூமை யாரும் தொறக்கக் கூடாது, வரட்டும்" என்றார் அக்கா.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேராகப் போய்ப் பூட்டைத் திறந்தேன். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நூல் அப்படியே இருந்தது. அக்கா வெளியே துணிக்கொடியைக் காட்டிச் சிரித்தார். என்னுடைய சுடிதார்கள் அங்கே சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவரை அவை என் நினைவிலேயே இல்லை.

கோபம் தணியாமல், நாளைக்கே காலி செய்துவிடுகிறேன் என்றேன். காலி செய்தால் போக எனக்கு இடமே கிடையாது என்பது வேறு விஷயம்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலியும் பண்ண வேணாம், ஒண்ணும் பண்ண வேணாம். எதிர் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா இவ்ளோ பேஜார் ஆயிருக்குமா? இனிமே எங்க போனாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போ. நீ வரலன்னா நான் தேடணும் இல்ல?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குக் கண் கலங்கியது. இல்லத்தில் தினமும் தலை எண்ணுவார்கள். வெளியே வந்ததும் அதுவும் நின்றுவிட்டது. நான் ஒருநாள் திரும்பி வராவிட்டால் கவனிக்கக்கூட ஆளில்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அக்காவின் தம்பி மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டே வந்து ஒரு பொட்டலம் பஜ்ஜியை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

இன்றும் அதே ரூமில்தான் இருக்கிறேன். இல்லத்திலிருந்து புதிதாக வெளியே வரும் பெண்களை சிஸ்டர் என்னிடம் அனுப்புகிறார். வேலை தேடவும் ரூம் பார்க்கவும் கூடவே போகிறேன். எல்லாம் முடிந்ததும், நீ வரவில்லையென்றால் உன்னை யார் தேடுவார்கள் என்று கேட்பேன். பதில் சொல்லத் தெரியாமல் நிற்பவளிடம் "நான் தேடுவேன்" என்று சொல்லும்போது, அப்படிச் சொல்லும் அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கிறது.