வைலே பியோர்ட்டில் ஒரு கரிபியன் கல்

வைலேப் பக்கம் அரை நாளில் கடலோரமாகப் போய்வர ஒரு இடம் சொல்லுங்கள் என்று போன கிழமை ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான். அங்கே நான் முதல்முறை போனது, தமிழர் வழக்கு என்று இங்கே டென்மார்க்கில் சொல்கிறார்களே, அந்த ஆண்டுகளில். சட்டத்தில் உரிமை இருந்தும், மனைவி பிள்ளைகளை இங்கே கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் அமைச்சில் கிடப்பில் கிடந்த காலம். என் மனைவி ரீற்றா மன்னாரில் இருந்தாள். விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. மாட்டோம் என்றாவது ஒரு கடிதம் வந்திருக்கலாம். அதுவும் இல்லை.

அப்போது எனக்கு இக்காஸ்ட்டில் துணி ஆலையில் வேலை. என் போர்மன் பெந்த், ஓய்வு நாட்களில் கடலுக்கடியில் மூழ்கிச் சுழியோடுகிறவர். ஒருநாள் கோப்பி நேரத்தில் என்னிடம் வந்து சொன்னார். அவர் பேசியது டேனிஷ். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"சனிக்கிழமை எங்களோட வா. எங்களுக்குச் சுழியோடப் பழக்கின மனிசனை நினைவுகூருறம். பேப்பர்காரர் ஒருத்தரும் வாறார். உன்ர மனிசியின்ர விசயத்தை அவருக்குச் சொல்லு."

அந்த மனிசன், முன்பு டென்மார்க்கின் கையில் இருந்த ஒரு கரிபியன் தீவுக்குப் போய், காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிச் சுழியோடும் வித்தையை அங்கே முதன்முதலில் பழக்கியவராம். இறந்து மூன்று வருடம். தீவுக்காரர் ஒரு பவளப்பாறைக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அதே நாளில், அவர் சிறுவயதில் மூழ்கிப் பழகிய வைலே பியோர்ட் என்ற கடற்கழியின் அடியில், அந்தத் தீவிலிருந்து வந்த ஒரு கல்லை வைப்பது என்று ஏற்பாடு. எனக்குப் பாதி விளங்கியது. பேப்பர்காரர், அதாவது பத்திரிகை நிருபர், என்ற சொல் மட்டும் முழுதாக விளங்கியது.

இறந்தவரின் நினைவுநாள் என்றால் எப்படிப் போவோம்? கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கையில் 65 குரோனருக்கு ஒரு பூவளையம். இக்காஸ்ட்டில் காலை 8.12க்கு ரயில். ஹேர்னிங்கில் இறங்கி இருபது நிமிடம் நின்று, பிராண்டே வழியாக வைலே. போகவர 96 குரோனர். வைலே நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர்.

பஸ் சாரதி பூவளையத்தைப் பார்த்தார். "செத்தவீடோ?"

"ஓம், துறையடியில. செத்து மூண்டு வருசம்."

"துறையடியில பிறந்தநாளெல்லோ நடக்குது. காலமையே கொடி ஏத்திப்போட்டினம்."

பஸ் மாறி ஏறிவிட்டேனோ என்று இரண்டுதரம் கேட்டேன். அவர் இரண்டுதரமும் இல்லை என்றார்.

இறங்கிப் பார்த்தால் சாரதி சொன்னது சரி. சின்ன இறங்குதுறை, கம்பத்தில் கொடி, மேசையில் கேக், கேக்கைச் சுற்றிக் குட்டிக் கொடிகள். கம்பளிச் சட்டை போட்ட இருபது பேர் சிரித்துச் சிரித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. யாரோ வீட்டுக் கொண்டாட்டத்துக்குள் பூவளையத்தோடு நுழைந்துவிட்டேன் என்று ஒரு படகுக்குப் பின்னால் பத்து நிமிடம் ஒளிந்து நின்றேன். பெந்த் வந்து இழுத்துக்கொண்டு போனார்.

"இண்டைக்கு அவருக்கு எழுபது வயசு" என்றார்.

செத்தவருக்கு எழுபது வயசா? கேட்கவில்லை. "யா, யா" என்றேன். அந்த நாட்களில் விளங்காத எல்லாவற்றுக்கும் என் பதில் அதுதான். இறந்தவரின் பிறந்தநாளையும் இங்கே கொடி ஏற்றிக் கொண்டாடுவதுண்டு என்று பிறகுதான் விளங்கியது.

பிறகு இறந்தவரின் மனைவி எவலின் வந்தார். அந்தத் தீவுப் பெண், கறுப்பினத்தவர். வாயைத் திறந்தால் எங்கள் ஆலைக் கிழவர்களின் அதே யூலாண்ட் வட்டார டேனிஷ். என் பூவளையத்தை வாங்கி, நடுவில் கேக்கை வைத்து, வடிவாய் இருக்கிறதா என்று எல்லாரையும் கேட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்தேன்.

பெந்த்தான் கல்லோடு இறங்கப்போகிறார். தண்ணீர் கலங்கல் என்பதால் இடுப்பில் கயிறு. என் தகப்பன் மன்னாரில் சங்கு குளித்தவர் என்று எவலினுக்கு அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அப்ப கயிறு நீ பிடி" என்றார் எவலின்.

"ஏலாது. எங்கட ஆக்களில மச்சான்தான் கயிறு பிடிக்கிறது, மனிசியின்ர சகோதரம். தன்ர அக்கா தங்கச்சி தாலி அறுக்கிறதை அவன் விரும்பமாட்டான்."

எவலின் என்னை உற்றுப் பார்த்தார். "எங்கட தீவில என்ர மனிசனுக்குப் பிடிச்சதும் என்ர தம்பிதான். ஆனா பெந்த்துக்குக் கலியாணம் ஆகேல்லை, மச்சானுக்கு எங்க போறது? பிடி."

பெந்த் எதையோ கடகடவென்று விளக்கினார். விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டினார். பேப்பர்காரர் பக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னால் மொழி தெரியாத மடையனாகத் தெரிய எனக்கு விருப்பமில்லை. "யா, யா."

ஐந்து மீட்டர் ஆழம்தான். மூன்று நிமிடம் கயிறு அமைதியாக ஓடியது. பிறகு கைக்குள் ஒரே ஒரு இழுப்பு.

எங்கள் கடலில் ஒரு இழுப்பு என்றால் மூச்சு முடிந்தது, தூக்கு என்று அர்த்தம். யோசிக்கிற நேரம் அல்ல அது. காலை மரத்தில் உதைத்து, இரண்டு கையாலும் வலித்தேன். பெந்த் கவிழ்ந்த ஆமை மாதிரி மேலே வந்தார். முகமூடி நெற்றியில் இருந்தது, கல் நெஞ்சோடு இருந்தது.

இருமி முடித்துத்தான் கேட்டார். "என்ன செய்யிறாய்? ஒண்டு எண்டால் சுகமாயிருக்கிறன் எண்டெல்லோ சொன்னனான்!"

எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பேப்பர்காரர் இனி என்னிடம் எதைக் கேட்பார்? ரீற்றாவின் காரியத்தையும் நானே கெடுத்துவிட்டேன்.

எவலின் வந்து என் கையிலிருந்த கயிற்றைத் தொட்டார். "என்ர தம்பியும் முதல் கிழமை முழுக்க என்ர மனிசனை இப்பிடித்தான் தூக்கினவன். குளிக்கிற ஆக்களின்ர பிள்ளை, வேற என்ன செய்வான்?" என்று பேப்பர்காரரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "உன்ர மனிசி எங்க?" என்றார்.

சொன்னேன். எத்தனை வருடம், எத்தனை மாதம் என்றும் சொன்னேன். "நான் கலியாணம் கட்டி இங்க வரேக்க, எனக்கு மூண்டு கிழமையில விசாக் கடுதாசி வந்தது" என்றார் எவலின். பேப்பர்காரர் அப்போதுதான் பேனையை எடுத்தார்.

கல் இரண்டாம்முறை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கயிறு பிடித்தது நான்தான். ஒரு இழுப்பு வந்தபோது கை தானாகக் கயிற்றை இழுக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை பேப்பரில் கயிறோடு என் படம், கீழே ரீற்றாவின் பெயர். அதனால் எதுவும் அசையவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் போனது. விசயம் வெளியே வந்து, நாடே அதைப் பற்றிக் கதைத்த பிறகுதான் அவள் வந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: கார் இருந்தால் நல்லது, வைலேயிலிருந்து கால் மணி நேரம். பஸ் என்றால் சனி, ஞாயிறில் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். துறையில் கடை இல்லை, தேநீர் கொண்டுபோங்கள். கோடையிலும் காற்று குளிரும். கல் தெரியாது, தேடவேண்டாம். நினைவுநாளுக்கு யாராவது டேனிஷ்காரர் கூப்பிட்டால் என்ன உடுப்பு என்று முதலே கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள்.

ரீற்றா வந்த முதல் மாதமே அங்கே கூட்டிப்போனேன். துறையில் இருத்தி இந்தக் கதையைச் சொன்னேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"நாங்களும் மன்னாரில கிடந்து எத்தினைதரம் இழுத்தனாங்கள். மேல நிண்டவை, சுகமாயிருக்கினம் எண்டு நினைச்சுப்போட்டினம் போல."