தவமலரின் முதுகில் இருந்த மண்வெட்டி

சுவிஸின் கூர் நகர மருத்துவமனைச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்யும் தவமலருக்குப் பனிமலை என்றாலே பயம். கணவர் யோகராசாவின் பிடிவாதத்தால்தான் முதுகுப்பையும் மண்வெட்டியுமாக வந்திருந்தாள். மலையில் அவர்கள் இருவர் மட்டுமே.

செங்குத்தான சரிவொன்றின் முன் அவர் அவளை நிறுத்தினார். "நான் கடந்தாப்பிறகு வாரும். பனி சரிஞ்சா, தோண்டியெடுக்க மற்ற ஆள் வெளியில நிக்கோணும்."

நடுச்சரிவில் அவர் காலடியில் பனி தொம்மென்று அமுங்கியது. அவர் அசையாமல் நின்றார். பனி சரியப்போகிறது என்று தவமலருக்குப் பட்டது. வன்னியில் ஷெல் விழுந்த நாட்களில், போனால் எல்லோரும் ஒன்றாய்ப் போவோம் என்று குடும்பமே ஒரே பதுங்குகுழிக்குள் கிடந்தது. அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனப்பா வந்தனீர்?"

"உங்களைத் தனிய விட ஏலாது."

அவர் அவள் முதுகில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தார்.

"அப்ப எங்களை ஆர் தோண்டுறது?"