மூன்றாம் கொதி

நாரணாபுரம் இருளம்மாள் பருக்கையை நசுக்கிப் பதம் பார்க்கவே மாட்டாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, நுரை பொங்கி அடங்குவதை எண்ணுவாள். மூன்றாம் கொதி அடங்கியதும் வடித்தால் சோறு பூவாக உதிரும். மாசியில் குலசாமி கும்பிடும்போது பங்காளிகள் நூறு பேருக்கு உலை வைக்கிற உரிமை பதினைந்து வருஷமாக அவளுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் தீபாவளி முடிந்து, வேலை பார்த்த வெடிக் கம்பெனி அடைத்திருந்த நாட்களில், மாமனார் கண்ணுச்சாமியோடும் புருஷனோடும் கொடைக்கானல் போனாள். கொழுந்தனுக்கு அங்கே ஒரு பங்களாவில் தோட்டவேலை. அவன் பெண்டாட்டி பஞ்சம்மாள் மலையிலேயே பிறந்து, மலையிலேயே ஆக்கிப் பழகியவள்.

"நீ உக்காரு தாயி, இன்னைக்கி நான் ஆக்குறேன்" என்று இருளம்மாள் அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று கொதி எண்ணி வடித்தாள். விருதுநகரில் வாங்கிப்போன துவரம்பருப்பையும் வேகவைத்து இறக்கினாள்.

ஒரு வாய் போட்ட மாமனார் நிமிர்ந்தார். "என்ன தாயி, சோறு சீனிவெடி கணக்கா வாய்க்குள்ள வெடிக்குது?"

பருப்பும் வேகாமல் முழுசு முழுசாகக் கிடந்தது.

"அக்கா, இங்கன தண்ணி சட்டுனு கொதிச்சிரும், சூடு பத்தாது" என்றாள் பஞ்சம்மாள். "ஊறப்போட்டு, மூடிமேல கல்லை வச்சு, ரெம்ப நேரம் விடணும்."

மறுநாள் அவள் ஆக்கினாள். மாமனார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"பூ மாதிரி இருக்குத்தா. வார மாசிக்கு நீயே வந்து உலையை வையி."

அந்தக் குளிரிலும் இருளம்மாளுக்கு உடம்பு காந்தியது. இவளுக்கு என்ன கைப்பக்குவம்? எல்லாம் அந்தக் கல்லு செய்கிற வேலை!

ஊர் திரும்பியதும் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அரிசியை ஊறப்போட்டு, பானை மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். திறந்து பார்த்தால் வெடிக்குக் காகிதம் ஒட்டுகிற பசைதான் இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லாமல் மாட்டுத்தொட்டியில் கொட்டினாள்.

மாசி வந்தது. கோயில் பொட்டலில் பஞ்சம்மாள் அரிசியை ஊறப்போடத் தண்ணீர் எடுத்தாள். பக்கத்தில் பெரிய கல்லாகப் பார்த்து வைத்திருந்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நூறு இலையிலும் பசை விழும். உலை தன்னிடமே திரும்பிவிடும். ஆனால் அந்த வெள்ளை வெளேரென்ற அரிசியைப் பார்க்கப் பார்க்க இருளம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏடி, தூக்கிப் போடு அந்தக் கல்லை! ஊறவும் வேண்டாம். தண்ணி கொதிக்கவும் அரிசியைப் போட்டு மூணு கொதி எண்ணி வடி."

"ஏன்க்கா?"

"சொன்னதைச் செய்யி."

பந்தியில் மாமனார் ஊரே கேட்கச் சொன்னார்: "மலையிலயும் பூ, இங்கனயும் பூ! இனி வருசாவருசம் உலை நீதாந்தா."

"இருளக்காதான் மாமா சொல்லிக்குடுத்தாக" என்றாள் பஞ்சம்மாள்.

"பாத்தீகளா, புள்ளைக்கு எம்புட்டு அடக்கம்!"

இருளம்மாள் தன் இலைச் சோற்றைப் பிசைந்தாள். அது பசையாகிற வரைக்கும் பிசைந்துகொண்டே இருந்தாள்.