பத்து நாள் மாத்திரை

சிறை ஆஸ்பத்திரியில் நாலு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கிய தையற்காரிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். அங்கே அப்படிக் காட்டினால்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். விடுதலையாகி அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலும் சமையலறைச் சுவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"என்னடி, சுவரு உனக்குப் பல் டாக்டரா?" என்றாள் அக்கா. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தண்டனைக் காலம் மூன்று வருடமும் மாதம் தவறாமல் பார்க்க வந்தவள் அக்கா ஒருத்திதான். புருஷன் வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள். தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் இரண்டு பஸ் மாறி வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, இருமல் குறைந்ததா, சோப்பு இருக்கிறதா என்று கேட்பாள். அதனால்தான் வெளியே வரும்போது முகவரி கேட்டவர்களிடம் யோசிக்காமல் அக்கா வீட்டைச் சொன்னாள்.

சிறை டாக்டர் பத்து நாள் மாத்திரையைக் கையில் கொடுத்தார். மீதி இரண்டு மாதத்துக்கானதை நர்ஸ் வீட்டுக்கே கொண்டுவருவார், நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பினால் இந்த மருந்துக்கு அடங்காமலும் போகலாம் என்றார்.

பக்கத்துத் தெருவில் சட்டைக் காலர் தைக்கும் வேலை கிடைத்தது. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். செருப்பைக் கழற்றும் முன்பே, நர்ஸ் வந்தாரா என்று கேட்பாள். யாரும் வரவில்லை என்பாள் அக்கா. பத்து நாள் மாத்திரை தீர்ந்தது. தானே சுகாதார நிலையத்துக்குப் போய் விசாரித்ததாகவும், மருந்து இன்னும் வந்து சேரவில்லையாம் என்றும் அக்கா சொன்னாள்.

"உள்ள இருந்தப்பவே கண்டுக்காதவங்க, வெளியில வந்த பிறகா தேடி வரப் போறாங்க?" என்று அக்கா திட்டினாள். தையற்காரியும் சேர்ந்து சிறை டாக்டரை வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

மாத்திரை நின்று இரண்டு வாரம் ஆனபோது, காலர் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இருமல் வந்தது. பழைய இருமல். அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகச் சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

பெயரைக் கேட்டதும் நர்ஸ் நிமிர்ந்தார். "எங்கம்மா போயிட்டீங்க? மூணு தடவ வந்தேன். அந்தப் பேர்ல யாரும் இங்க இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கீழே அக்காவின் கையெழுத்து. அலமாரியில் அவள் பெயர் எழுதிய மருந்துப் பெட்டி, ஒட்டிய நாடா பிரிக்கப்படாமல் இருந்தது. சளியை மறுபடி சோதிக்க வேண்டும், முடிவு வரும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்று நர்ஸ் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்ச?"

அக்கா மறைக்கவில்லை. "நீ வெளியூர்ல தையல் கம்பெனியில இருந்தன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்தம்மா வாசல்ல நின்னு, ஜெயில்ல இருந்து வந்தவங்க வீடு இதுதானேன்னு கேக்குறாங்க. கீழ்வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கிட்டு நிக்குறா. நான் என்னடி சொல்றது?"

"மருந்து வரலன்னு சொன்னியே?"

"நாலு மாசம் சாப்பிட்டது போதும்னு நெனச்சேன். நல்லாத்தானே இருந்த."

"என்னைத் திருடின்னு சொன்னவங்கெல்லாம் மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்கக்கா."

அக்கா மடித்த துணியையே எடுத்துத் திரும்ப மடித்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் சுகாதார நிலையத்தில் முதல் ஆளாக நின்றாள் தையற்காரி. நர்ஸ் கொடுத்த மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். இனி தினமும் இங்கேயே வந்து போட்டுக்கொள்வதாகவும், பதிவேட்டில் இருக்கும் முகவரியை அடித்துவிடும்படியும் சொன்னாள்.

நர்ஸ் அடித்தார். வேறு எதை எழுதட்டும் என்று கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார்.

தையற்காரி வெகுநேரம் யோசித்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.