பிலோமினா மீட்டுத் தந்த படிக்கட்டு

சென்ற சனிக்கிழமை காலை பசாரிலிருந்து காய்கறியோடு திரும்பியபோது, நம் அடுக்குமாடியின் கீழே நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டு விசேஷம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. படியடியில் நின்ற சூசை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பிலோமினா போயிட்டாண்ணே" என்றார். தன் மனைவியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மெர்கோங்கில் நம்மோடு குடியிருந்து, பிறகு வேறு ஊர்களுக்குப் போய்விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்காம் மாடியில் பள்ளிச் சீருடை தைத்த பிலோமினாவை நீங்கள் மறந்திருக்க முடியாது. சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். என்னைவிட இளையவள். வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டே என்னிடம் வேலை வாங்கிவிடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் நாம் குடிவந்தபோது, சொந்த வீடு என்ற பூரிப்பில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. கட்டடம்தான் சீக்கிரமே பல்லை இளித்தது. மொட்டை மாடி ஒழுகி, தண்ணீர் படிக்கட்டுக்குள் இறங்கியது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் விரிசல் விட்டு, கால் வைத்தாலே படி அசைந்தது. கட்டிய நிறுவனத்தின் அலுவலகத்தில், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். "நீங்கள் வாங்கியது வீட்டை. படியும் கூரையும் உங்களுடையவை அல்ல. அதற்காக வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை" என்றார்கள். நாம் தலையாட்டிவிட்டோம். பிலோமினா ஆட்டவில்லை. "என் வீட்டுக்குப் போற படி எனக்குச் சொந்தமில்லன்னா, நான் என்ன பறந்தா போறது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் வழக்காயிற்று. நடுவில் நிறுவனத்திலிருந்து சமாதானம் பேச ஆள் வந்தது. அவள் வீட்டுக்கு மேலுள்ள கூரையை மட்டும் சரிசெய்து தருவார்களாம், அவள் விலகிக்கொள்ள வேண்டுமாம். "ஏறி வர்ற படி விழுந்துட்டா, ஒழுகாத கூரைய வச்சு நான் என்னலா செய்யறது?" என்று அனுப்பிவிட்டாள்.

நீதிமன்றம் ஒரு பொறியாளரைப் பார்வையிட அனுப்பியது. அதற்கு முந்திய நாள் பிலோமினாவும் நானும் பாடாங் செராயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால், படிக்கட்டு முழுக்க வெள்ளைவெளேர் என்றிருந்தது. நம் ஆட்கள் கோத்தோங் ரோயோங் என்று எல்லாருமாகச் சேர்ந்து வேலையில் இறங்கி, விரிசலையெல்லாம் சிமெண்டால் அடைத்து, சுண்ணாம்பும் அடித்து முடித்திருந்தார்கள். "பெரியவங்க வராங்கல்ல, அசிங்கமா இருக்கக் கூடாதுலா" என்றார் நம் ஆட்களில் மூத்தவரான மாணிக்கம் அண்ணன் பெருமையோடு. நான் கத்தத் தொடங்கினேன். பிலோமினா அந்தப் படியிலேயே உட்கார்ந்து, சேலையெல்லாம் சுண்ணாம்பாக, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுக்குத் தெரியும், அது யார் பழக்கிய கை என்று.

பொறியாளர் வந்து பார்த்தார். விரிசல் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் மாணிக்கம் அண்ணனுக்கு உறைத்தது. மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நிறுவனத்து ஆளுங்கதான் வந்து பூசுனாங்கன்னு சொல்லிடுவோம்" என்று சிலர் யோசனை சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் வழக்கே போய்விடும் என்று நானும் பயந்தேன். பிலோமினா ஒத்துக்கொள்ளவில்லை. "பொய்யால கூரை போட்டா அதுவும் ஒழுகும்ணே" என்றாள்.

நீதிபதி முன்னால் தோட்டத்து மலாயில் அவள் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். "பூசினது நாங்கதான் ஐயா. தோட்டத்துல துரை பார்வையிட வரார்னா லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். பெரியவங்களுக்கு எங்களுக்குத் தெரிஞ்ச மரியாதை அதுதான். ஒரு மழை பெய்யட்டும், மறுபடியும் ஆள் அனுப்புங்க. மழை யாருக்கும் மரியாதை பாக்காது."

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். மழைக்குப் பின் மறுபார்வைக்கு உத்தரவிட்டார். மழை பெய்தது. சுண்ணாம்பைத் தாண்டிக்கொண்டு விரிசல் பழுப்பாக எழுந்து நின்றது. படியும் கூரையும் குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் பொது, பழுதுக்குச் சேர்ந்து வழக்காட அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. நிறுவனம் படிக்கட்டை உடைத்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தது. மாணிக்கம் அண்ணன் கடைசிவரை அந்தப் படியைத் தினமும் கூட்டினார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் பிலோமினா, "அண்ணே, சுண்ணாம்பு அடிக்கலியா?" என்று சீண்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்காம் மாடியிலிருந்து அவள் பெட்டியை ஆறு பேர் தோளில் சுமந்து இறக்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் என் கால் பழைய பயத்தில் ஒருமுறை நின்றது. படி அசையவில்லை. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். யார் எதிரில் நின்றாலும் இப்போது நான் கையைக் கட்டிக்கொள்வதில்லை. அன்றும் கையை வீசிக்கொண்டுதான், அழுதபடி, அவள் பின்னால் நம் படியில் இறங்கினேன்.