மூச்சை இழுத்துச் சொன்ன ஆமாம்

‘ஹா’ என்று மூச்சை உள்ளே இழுக்கும் அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. கொதிக்கும் டீயை அவசரத்தில் குடித்தால் இழுப்போமே, அப்படி. மலையாள நாட்டில், பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியசாலையில் தைலம் தேய்ப்பது என் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கூச்சமும் அதிகம். ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட முழங்காலைப் பார்த்துப் பேசுவது எனக்கு எளிது.

வெள்ளைக்காரரை இங்கே சாயிப்பு என்போம்; இந்தச் சாயிப்பு நார்வேக்காரர். இங்கே ஒரு கால்பந்து அணி அவரைக் கூட்டி வந்திருந்தது. பனிக்கு நடுவே விளையாடத் தொடங்கி, சொந்த ஊர் அணிக்கு வருடக்கணக்கில் நடுக்களத்தில் ஆடி, ஒரே ஒரு முறை நாட்டுக்காகவும் இறங்கியவர். பிறகு முழங்கால் கைவிட்டது. இதையெல்லாம் போனில் படங்களாகக் காட்டினார். ஒரு படத்திலும் அவர் கோல் அடிக்கவில்லை. பந்தை வேறு யாருக்கோ தள்ளிவிட்டு, அது போகும் திசையைப் பார்த்தபடி நிற்கிறார். இன்னும் ஒரு சீசன் ஆடிவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் வைத்தியர் முழங்காலைச் சரி என்றால்தான் அணி அவரைக் களத்தில் இறக்கும்.

முழங்காலை அழுத்தி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ‘ஓகே?’ என்பேன். உடனே ‘ஹா’ என்று இழுப்பார். நான் பதறிக் கையை எடுத்துவிடுவேன். வலிக்கிறதா என்று வைத்தியர் கேட்டால் மட்டும் இல்லை என்பார். ஆட்டக்காரர்கள் வலியை மறைப்பார்கள் என்பது வைத்தியரின் எண்ணம். “வாய் கள்ளம் பறயும்டே, மூச்சு பறயாது. வேண்டாம்னு நாளைக்கே கிளப்புல சொல்லிருவோம்” என்றார்.

அன்று சாயங்காலம் சாயிப்பும் நானும் வாசல் டீக்கடையில் நின்றோம். கடைக்காரி நாகர்கோவில்காரி.

“சாயிப்பே, டீ?”

‘ஹா.’

“சுகர்?”

‘ஹா.’

அவள் கையில் எடுத்த கிளாஸைக் கீழே வைத்தாள். “என்ன அண்ணே இது? நான் டீயே இன்னும் குடுக்கல்ல, அதுக்குள்ள எங்க சுட்டுச்சு இவருக்கு?”

அவளே மூச்சை இழுத்துக் காட்டிக் கையை விரித்தாள். சாயிப்பு சிரித்துவிட்டு, “எஸ், எஸ்” என்றார். அவர் ஊரில் ஆமாம் சொல்வதே அப்படித்தானாம். பிறகு என்னைக் காட்டி, எதைக் கேட்டாலும் இவர் ஏன் தலையை ஆட்டி மறுக்கிறார் என்று கேட்டார். “அது எங்க ஆமா, சாயிப்பே!” என்றாள் அவள்.

கதவைத் தட்டாமல் வைத்தியரின் அறைக்குள் நான் நுழைந்தது அன்று ஒரு நாள்தான். விஷயத்தைக் கேட்டவர், “அப்போ இத்தனை நாளும் அவன் சரின்னா சொன்னான்!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் அவரே முழங்காலை மடக்கிப் பார்த்துச் சம்மதம் சொன்னார்.

கடைசி ஆட்டத்தை நான் கேலரியில் இருந்து பார்த்தேன். நடுவிலிருந்து சாயிப்பு தள்ளிய பந்தை நம் ஊர்ப் பையன் ஒருவன் கோலாக்கினான். எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். சாயிப்பு அந்தப் படங்களில் நின்றது போலவே நின்றார்.

இப்போது அவர் விளையாடுவதில்லை. எப்போதாவது போனில் முகம் காட்டுவார். நான் ‘ஓகே?’ என்பேன். ‘ஹா’ என்பார்.

போன வாரம், பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் சேர்த்துவிட்டார்கள் என்று என் மகள் வந்து நின்றாள். “நடுவுல நின்னு களிக்கணுமாம். போகட்டா அப்பா?”

‘ஹா’ என்று மூச்சை உள்ளே இழுத்தேன்.

அதைக் கேட்டதும் அவள் அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டாள்.